வாய் திறக்கும் இடம்

குழந்தைகளே ஓட்டுப் போடலாம் என்று அறிவித்த அன்று முதலில் கைதட்டியவள் நான்தான். என் அவசரப் புத்திக்கு எத்தனை பட்டாலும் போதாது.

அதற்கு முன்பெல்லாம் தங்கக் கிலுகிலுப்பை விருதுக்குப் பெரியவர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். இந்த வருடத்தின் சிறந்த குழந்தைப் பாட்டு எது, சிறந்த பாட்டுப் படம் எது என்று கைபேசியில் அமுக்க வேண்டும். அமுக்குகிறவர்கள் எல்லாம் மீசை வைத்த சித்தப்பாக்களும் துபாயில் இருக்கிற மாமாக்களும். பாட்டை ஒருமுறை கேட்டுக்கூட இருக்க மாட்டார்கள். நம்ம ஊர்க்காரன் பாட்டு, நம்ம ஆளு பாட்டு என்று அமுக்கித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுத் தொட்டிலில் காலாட்டுகிற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்புறம் காதுப்பூ வந்தது. பெயர்தான் பூ. பஞ்சில் செய்த நந்தியாவட்டை மாதிரி வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். தூங்கும் பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் போதும். தூக்கத்தில் அதன் தலைக்குள் ஏதாவது மெட்டு ஓடினால் பூ மஞ்சளாகிவிடும். என்ன மெட்டு என்பதும் பூவுக்குத் தெரிந்துவிடும். போட்டிக்கு வந்த பாட்டுகளில் ஒன்றாக இருந்தால் அந்தப் பாட்டுக்கு ஒரு ஓட்டு. பிள்ளை எதையும் அமுக்க வேண்டாம், யாரும் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. மனசுக்குள் எது தங்கியதோ அதுவே ஓட்டு.

முதல் வருடம் பிளே ஸ்கூலில் போய்ப் பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஜன்னல் வெயில் மெல்ல நகர, காதோரம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வெள்ளைப் பூக்கள் மஞ்சளாகிக்கொண்டே போயின. அடடா, சொக்கிப்போய் நின்றேன். இதைவிட நியாயமான தேர்தல் பூமியில் உண்டா என்று கண்ணில் தண்ணீர் விட்டேன். சொன்னேனே, அவசரப் புத்தி.

ஏனென்றால் அடுத்த வருடமே பெரிய கம்பெனிகள் விழித்துக்கொண்டன. பிள்ளை விழித்திருக்கும்போது ரசிக்கிற பாட்டு எதற்கு, தூங்கும்போது ஒட்டிக்கொள்கிற பாட்டுதானே வேண்டும்? பலாப்பழப் பிசின் மாதிரி மெட்டுகள் வந்தன. ஒருதரம் கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். போட்டி வாரத்தில் வீட்டில் யாரும் தாலாட்டுப் பாடக் கூடாது, ஓட்டுக் கெட்டுப்போகும் என்று ஒரு விதி வேறு. பெற்ற தாய் பாடினால் கெட்டுப்போகிற ஓட்டு என்ன ஓட்டோ! அதையும் தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் ஒரே கனவைச் சொன்னது. முயல் குட்டி, நீலக் குடை, சறுக்கு மரம். முயல் பாட்டு ஜெயித்த வருடம் அது. ஊரெல்லாம் ஒரே முயல், ஒரே குடை. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்களே, போதாதா என்றார்கள்.

என் பெயர் கலாமணி. கோயம்புத்தூர் பீளமேட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ. பாட்டு எழுதுவது நான். மெட்டுப் போடுவது, பொம்மை வரைந்து ஓடவிடுவது, மின்விசிறி நின்றுபோனால் தட்டிச் சுற்றவிடுவது எல்லாம் சென்னியப்பன். என்னைவிடச் சின்னவன். வாய்க்கு வாய் "அக்கா" என்பான், அந்த அக்கா சொல்வதை மட்டும் கேட்க மாட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடுவது பாட்டுக்காக அல்ல, சோற்றுக்காக. கைபேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, பாட்டை ஓடவிட்டு, பிள்ளை வாயில் ஈ போவது தெரியாமல் பார்க்கிற நேரத்தில் ஒரு வாய் உள்ளே தள்ளிவிட வேண்டும். அதனால் நாங்கள் எந்தப் பாட்டிலும் நாலு வரிக்கு ஒருமுறை ஓர் இடம் விடுவோம். வார்த்தை நிற்கும், மேளம் நிற்கும். பொம்மை கண்ணை உருட்டி வாயைத் திறக்கும். "ஆ" என்று ஒரு குழந்தைக் குரல் மட்டும் கேட்கும். பார்க்கிற பிள்ளையும் தன்னை மறந்து வாயைத் திறக்கும். கவளம் உள்ளே போகும். இந்த இடத்துக்கு எங்கள் பாஷையில் "வாய்" என்று பெயர். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. வாய் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் கேட்போம்.

அந்த "ஆ" என் மகளுடையது.

திகழினிக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, பேசுகிறபோது பேசுவாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பவுண்டரியில் சூப்பர்வைசராக இருக்கிற என் வீட்டுக்காரரும் "அம்மணி பேசறப்போ பேசட்டும், உடு கலா" என்பார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்கிறார்களே, அதைச் சொன்னவரைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். ஊரில் இருக்கிற பிள்ளைகளின் வாயில் எல்லாம் என் வார்த்தைகள்தான். என் பிள்ளை வாயில் மட்டும் ஒன்றுமில்லை. ஒருதரம், ஒரே ஒருதரம் "அம்மா" என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று ஏங்கி ஏங்கி எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மதியம் அவளை ஸ்டுடியோவுக்குத் தூக்கி வந்து அங்கேயே ஊட்டுவேன். அரிசிம்பருப்புச் சாதம், ஒரு சொட்டு நெய். என் பாட்டை ஓடவிட்டால் அதைத் தவிர மற்றதை எல்லாம் பார்ப்பாள். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த காக்கா, கீழே சுற்றுகிற செம்புக் கம்பி, விசிறியின் நிழல். "ஆ காட்டு கண்ணு, ஆ காட்டு" என்று நான் கெஞ்சிக்கொண்டே இருப்பேன். அவள் "ஆ" என்பாள். சென்னியப்பன் மைக்கைத் திறந்து வைத்து அதைப் பதிந்துகொள்வான். என் குரலை வெட்டிவிட்டு அவள் "ஆ"வை மட்டும் எடுத்து எல்லாப் பாட்டிலும் வாய் வருகிற இடத்தில் ஒட்டுவான். ஒரு பாட்டுக்கு எடுத்ததை இன்னொன்றுக்குப் போட மாட்டான், ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக எடுப்பான்.

ஒருமுறை அந்த "ஆ"வுக்கு அடியில் ஏதோ கரகரவென்று இருக்கிறதே என்று சுத்தம் செய்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

"அந்த அழுக்கை எடுத்தாப் புள்ளைங்க வாயே தொறக்க மாட்டீங்குதுங்க்கா" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

"வெறும் மூச்சுதானே சென்னி அது?"

"மூச்சுதானுங்க. ஆனா அது வேணும்போல இருக்குது."

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். சமையலில் ஏன் என்று தெரியாமல் ஒரு கல் உப்பு அதிகம் போடுவதில்லையா, அந்த மாதிரி.

இந்த வருடம் நாங்கள் அனுப்பிய பாட்டு, செருப்பைத் தொலைத்த யானை.

நாலு காலுக்கு மூணு செருப்பு
நாலாஞ் செருப்பு எங்க இருக்கு?
ஆத்துல கேட்டா மீனைக் கேளுங்குது
மீனைக் கேட்டா வாயைத் தொறக்குது…

அந்த இடத்தில் வாய். "ஆ." பிள்ளைகள் விழுந்து விழுந்து சாப்பிட்டன. போட்டி வாரம் தொடங்கியதும் எங்கள் யானை, முயல் பாட்டுப் போட்ட கம்பெனியின் புதுப் பாட்டை முந்திக்கொண்டு நடந்தது. ஜெயித்த பாட்டை அடுத்த ஒரு வருடம் எல்லாப் பிளே ஸ்கூலிலும் போடுவார்கள். தோற்றால் எங்களுக்கு ஜவுளிக்கடை விளம்பரம்தான் கதி. "ஆடித் தள்ளுபடிக்கு நீங்க எழுதுனா நான் சாமியாராப் போயிருவேனுங்க்கா" என்று சென்னியப்பன் ஏற்கனவே மிரட்டி வைத்திருந்தான்.

வாரத்தின் நடுவில் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு பெண் வந்தாள். ஷெர்லி என்று பெயர், சென்னை. காதுப்பூக்கள் சொல்வதை எல்லாம் படித்துப் பார்க்கிற வேலை. படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. திகழினி ஒரு மூலையில் செம்புக் கம்பித் துண்டுகளை வளைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க யானை முதல் இடத்துல இல்ல" என்றாள் ஷெர்லி எடுத்தவுடன்.

"முயலா?"

"முயலும் இல்ல. பேரே இல்லாத ஒன்னு. போட்டிக்கு யாரும் அனுப்பாத மெட்டு. முதல்ல கோயம்புத்தூர்ல நாலஞ்சு பூவுல வந்துச்சு. இப்ப கன்னியாகுமரி வரைக்கும் போயிடுச்சு. எங்க பட்டியல்ல 'பெயரிலி'ன்னு காட்டுது. விசித்திரம் என்னன்னா, அது ஓடுற பிள்ளைங்க ஒவ்வொன்னும் வேற வேற கனவு சொல்லுது. ஒருத்தி கிணத்துக்குள்ள வீடு கட்டினேங்கறா. ஒருத்தன் நிலாவுக்கு சட்டை போட்டுவிட்டேங்கறான். ரொம்ப நாளாச்சு மேடம், பிள்ளைங்க இப்படிச் சொல்லி."

"அதுக்கு எங்ககிட்ட ஏனுங்க வந்தீங்க?"

ஷெர்லி மூலையைப் பார்த்தாள். "அது முதல் முதலா வந்த காதுப்பூ உங்க பொண்ணோடது."

ஷெர்லி தன் கருவியில் அந்த மெட்டை எடுத்து என் காதில் மாட்டினாள். மென்மையான ஒரு முனகல். ஏறும், இறங்கும், ஓரிடத்தில் தயங்கும். நான் கேட்டதே இல்லை. வார்த்தையில்லாத ஒன்றை என்னால் அடையாளம் காண முடியவில்லை. சென்னியப்பன் வாங்கிக் கேட்டான். கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் எங்கள் பழைய பாட்டுகளை எல்லாம் எடுத்தான். வார்த்தையை நீக்கினான், மேளத்தை நீக்கினான், "ஆ"வையும் நீக்கினான். வாய் இருந்த இடத்தில் மிஞ்சிய அந்த அழுக்கை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓடவிட்டான்.

அழுக்கு இல்லை அது. பாடல். ஒரு பாட்டில் கொஞ்சம், அடுத்த பாட்டில் கொஞ்சம் என்று துண்டு துண்டாக என் மகள் சோற்றுக் கவளத்துக்கு நடுவில் முனகியிருக்கிறாள். மூச்சு என்று நாங்கள் நினைத்ததைப் பிள்ளைகள் மட்டும் கேட்டிருக்கிறார்கள். கேட்டு வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் தூக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி தைத்திருந்தார்கள்.

"என்ற சாமி!" என்று கத்திவிட்டேன். "என்ற புள்ள பாடுதுங்க! சென்னி, என்ற புள்ள பாடுது!"

சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். திகழினி கம்பித் துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு, பெரிய ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு வந்து நின்றால் ஒரு பிள்ளை எப்படிப் பார்க்கும், அப்படிப் பார்த்தாள்.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. "ஆ காட்டு கண்ணு" என்று எத்தனை கெஞ்சியும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தச் சின்ன "ஆ"கூட வரவில்லை. அழுதபடியே தூங்கிப்போனாள். காதுப்பூ வெள்ளையாகவே இருந்தது.

"ஐயோ, ஸ்பீக்கர்ல போட்டிருக்கக் கூடாது" என்றாள் ஷெர்லி. "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். தூக்கத்துல தானா வந்ததை முழிச்சிருக்கும்போது வெளியில கேட்டா, உள்ள இருக்கறது கலைஞ்சிடும். நாங்க ஏகப்பட்ட பிள்ளைங்ககிட்ட பார்த்தது இது. நம்ம கனவை அடுத்தவங்க சொல்லிக் கேட்டா நமக்கே மறந்துடும் இல்லையா?"

"திரும்பி வராதுங்களா?"

"ஒருதரம்தானே கேட்டா. வரலாம். அடிக்கடி கேட்டா வராது."

ஷெர்லி தொண்டையைக் கனைத்தாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க, என் வேலையை நான் சொல்லியாகணும். இந்த மெட்டு எங்களோடதுன்னு நீங்க சொல்லிட்டா விருது உங்களுக்குத்தான். சந்தேகமே இல்ல. ஆனா ஜெயிச்ச பாட்டைப் படமா எடுத்து ஊரெல்லாம் போடணும். மேளம் சேர்ப்பாங்க, வார்த்தை சேர்ப்பாங்க."

"என்ற புள்ளைக்கு?"

"எங்க போனாலும் கேட்கும். உள்ளேர்ந்து போயிடும். அவளுக்கு மட்டும் இல்ல, எல்லாப் பிள்ளைக்கும்."

"எங்களுதில்லைன்னு சொல்லிப்போட்டா?"

"சொந்தக்காரங்க இல்லாத மெட்டைப் போட்டியில விட மாட்டாங்க. எல்லாக் காதுப்பூவிலேயும் கழுவுற மெட்டு ஒன்னை ஓடவிட்டு அழிச்சிடுவாங்க. விதி அப்படி."

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்பார்களே, அதுதான். நாளை மறுநாள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷெர்லி ஹோட்டலுக்குப் போனாள்.

சென்னியப்பன் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். "நான்தானுங்க்கா ஸ்பீக்கர்ல போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. என்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னிடமும் ஒரு கள்ள ஆசை இருந்தது. அதைப் படமாக எடுத்துவிட்டால் தினமும் கேட்கலாமே. என் மகள் என்ன சொல்கிறாள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டு, அதற்கு வார்த்தை எழுதிவிடலாமே. நாலு வருடமாக நான் காத்திருப்பது அதற்காகத்தானே!

மறுநாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. டம்ளரில் கொஞ்சம் மோர் குடித்தாள், அவ்வளவுதான். மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருந்த பாயில் அவளைக் கிடத்தி, காதுப்பூவை ஒட்டிவிட்டு, நானும் பக்கத்தில் படுத்தேன். பாட வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஓட்டுக் கெட்டுப்போகும் என்பதற்காக அல்ல. என் பாட்டைத்தான் நாலு வருடமாகக் கேட்டுவிட்டாளே. விசிறியின் நிழல் சுவரில் சுற்றிச் சுற்றி வந்தது. எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியாது.

எங்கள் யானை ஆற்று நடுவில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அதன் முழங்காலுக்கு மேல் இல்லை, பால் சூட்டில் இருந்தது. கரை நெடுக ஊர்ப்பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் மடியில் நிலா, சட்டை போட்டுக்கொண்டு. திகழினி கையில் கிண்ணத்தோடு ஒவ்வொருவரிடமாக வந்தாள். முனகிக்கொண்டே வந்தாள். அந்தப் பாட்டேதான். அது தயங்குகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, எதிரில் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பாள். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும். அவள் ஊட்டுவாள். ஊட்டியதும் அந்தப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றைப் பாடிச் சேர்க்கும். ஒன்று குருவி மாதிரி, ஒன்று ஸ்கூட்டர் மாதிரி. ஒன்றுபோல் ஒன்று இல்லை. திகழினி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவாள்.

என்னிடமும் வந்தாள். முனகி, அந்த இடத்தில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். முடியவில்லை. வாய் நிறைய வார்த்தை. நாலு காலுக்கு மூணு செருப்பு, ஆத்துல கேட்டா மீனைக் கேளு என்று இத்தனை வருடம் எழுதியது எல்லாம் கன்னத்தில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. விழுங்கவும் வரவில்லை, துப்பவும் வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவசரமே படவில்லை. யானையும் நின்றது, ஆறும் நின்றது.

விழித்தேன். வெயில் பாயை விட்டுச் சுவரேறியிருந்தது. திகழினி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் பூ மஞ்சளாகியிருந்தது.

தேம்பித் தேம்பி அழுதேன், சத்தம் வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாட்டில் தயங்குகிற இடம் இருக்கிறதே, அது வாய். என் மகள் என்னிடம்தான் தொழில் கற்றிருக்கிறாள். நாங்கள் சோறு போக இடம் விட்டோம். அவள் அடுத்தவர் பாட இடம் விட்டிருக்கிறாள். அதனால்தான் ஆளுக்கு ஒரு கனவு வந்தது. அந்த இடத்தில் நான் வார்த்தையைப் போட்டு அடைத்துவிட்டால் மறுபடியும் ஊரெல்லாம் ஒரே முயல், ஒரே குடை.

ஷெர்லி வந்தபோது சென்னியப்பனிடம் எல்லாம் பேசி முடித்திருந்தேன். பாட்டுக்கு நடுவில் நாங்கள் விடுகிற இடம் போட்டி விதிப்படி பாட்டில் சேராது. மேளம் நிற்கிற நேரத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்? அந்த விதி எங்களுக்கு மனப்பாடம். அதற்காகவே முன்பு ஒருமுறை சண்டை பிடித்துத் தோற்றவர்கள் நாங்கள்.

"முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

"பண்ணியாச்சுங்க. அது மெட்டே இல்லீங்க."

"என்னது?"

"பேரில்லாத பாட்டுன்னு ஒன்னு கெடையாதுங்க. அது எங்க யானைப் பாட்டுல, மத்த பாட்டுகள்ல நாங்க உட்ட இடம். வெறும் இடம். வேணும்னா சென்னி போட்டுக் காட்டுவான், ஸ்பீக்கர்ல இல்ல, உங்க காதுல மட்டும். இடத்துக்குச் சொந்தக்காரங்க நாங்க. ஆனா இடம் பாட்டில்லைன்னு உங்க விதியே சொல்லுது. பாட்டே இல்லாததை எப்படிங்க கழுவுவீங்க?"

ஷெர்லி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்படி நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? அந்த ஓட்டு அத்தனையும் செல்லாது. அதுமட்டுமில்ல, உங்க யானைக்கு ஓட்டுப் போட்டிருக்க வேண்டிய பிள்ளைங்கதான் முக்கால்வாசி இந்தப் பெயரிலி பக்கம் இருக்காங்க. யானையும் தோத்துடும்."

"தோக்கட்டும்ங்க" என்றான் சென்னியப்பன். "ஆடித் தள்ளுபடிக்கு நான் நல்ல மெட்டா யோசிச்சு வெச்சிருக்கறனுங்க."

"சாமியாராப் போறேன்னியே?"

"போறப்போ போய்க்கலாமுங்க்கா."

ஷெர்லி சிரித்துவிட்டாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "எனக்கு ஒரு பையன் இருக்கான், தாம்பரத்துல எங்கம்மாகிட்ட விட்டிருக்கேன். ரெண்டு வருஷமா முயலைத் தவிர வேற கனவே சொன்னதில்ல. நேத்து போன் பண்ணி, அம்மா நான் ரயிலுக்குத் தலை வாரி விட்டேன்னான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெறும் இடம்னே எழுதிடறேன் மேடம்."

விருது முயல் கம்பெனிக்குப் போனது. மேடையில் தங்கக் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். நாங்கள் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து பார்த்தோம். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். சென்னியப்பன் பாதியில் எழுந்து, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மதியம் வழக்கம்போல் அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிசைந்தேன். கைபேசியை எடுக்கவில்லை, மைக்கையும் திறக்கவில்லை. கிண்ணத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். நாலு வருடத்தில் முதல்முறையாக நான் எதுவும் கெஞ்சவில்லை.

திகழினி ஜன்னலைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிண்ணத்துக்குள் கையை விட்டு, விரலிடுக்கில் பாதி வழிய வழிய ஒரு கவளம் எடுத்தாள். மெல்ல முனக ஆரம்பித்தாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. ஏறியது, இறங்கியது, அந்த இடத்துக்கு வந்து நின்றது. கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆ காட்டு" என்றாள்.

காட்டினேன்.